கீலைக் கழற்றிப் பார்த்தபோது

ஒவ்வொரு மே மாதமும் மும்பையில் நம் கட்டடங்களின் மொட்டை மாடியில் நடக்கும் கூத்து உங்கள் எல்லோருக்கும் தெரியும். மழை இறங்குவதற்குள் விரிசலை அடைத்தாக வேண்டும். சொஸைட்டிக் கூட்டத்தில் ஒருவர், "மேலே ஒரு கோட் தார் பூசினால் போதும் சார்" என்பார். இன்னொருவர், "பழைய தளத்தைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதுசாகப் போடணும்" என்பார். செலவுக் கணக்கைக் கேட்டதும் கூட்டம் தார் பக்கம் சாய்ந்துவிடும். ஜூலையில் மேல்மாடி வீட்டுக்காரர் வாளியோடு நிற்பார்.

இதே தவறைப் படகு விஷயத்தில் நானும் ஒரு முறை செய்தேன். மாடியில் செய்தால் சுவர் நனையும். படகில் செய்தால் ஆளே போய்விடும். மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது அதையே எழுதலாம் என்று தோன்றியது. நான் தூத்துக்குடிக்காரன். இயந்திரப் பொறியாளனாக 35 வருஷம் மும்பையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கல்லூரியில் படிக்கும்போது என் மகளுக்குப் பாய்மரப் படகு ஓட்டும் ஆசை வந்தது. மூன்று குடும்பங்கள் சேர்ந்து, 24 அடி நீளமுள்ள பழைய படகு ஒன்றை வாங்கினோம். அதன் அடியில் தொங்கும் ஈயத் துடுப்பைத்தான் ‘கீல்’ என்கிறோம்.

பெயர் ஒன்று, பொருள் பல

‘கீல்’ என்ற ஒலி தமிழுக்குப் புதிதல்ல. நம் அகராதியில் கீல் என்றால் மூட்டு, பொருத்து. கீல்வாதம் என்கிறோமே, அந்தக் கீல்தான். கப்பலுக்குப் பூசும் தாருக்கும் கீல் என்று பெயர் உண்டு. ஆங்கிலக் கீலுக்கும் இவற்றுக்கும் உறவு கிடையாது; ஒலி ஒற்றுமை மட்டுமே. ஆனாலும் இந்தக் கட்டுரை முழுவதும் ஆங்கிலக் கீலின் மூட்டையும், அந்த மூட்டை அடைக்கும் பசையையும் பற்றித்தான் என்பது வேடிக்கையான பொருத்தம். மரக்கப்பலின் அடிமரத்துக்கு ‘ஏரா’ என்று நம்மிடம் தனிச்சொல் இருக்கிறது. அது கப்பலின் முதுகெலும்பு. நான் சொல்லும் கீல் அப்படியல்ல. தனியாக வார்த்து, படகின் அடியில் போல்ட் போட்டு முடுக்கிய எடைத் துண்டு.

கீல் எதற்கு?

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எந்தப் பக்கம் தள்ளினாலும் எழுந்து நின்றுவிடும். காரணம், எடை அடியில் இருக்கிறது. கீலின் முதல் வேலை அதுதான். காற்று பாயைத் தள்ளிப் படகைச் சாய்க்கும்போது, கீழே இருக்கும் எடை அதை நிமிர்த்தும்.

இரண்டாவது வேலை, படகு பக்கவாட்டில் நழுவாமல் தடுப்பது. பாய் விரித்துப் போகும் கட்டுமரத்தில் ஒரு பலகையை நீருக்குள் இறக்கி வைப்பதும் இதற்காகத்தான். அந்தத் தடுப்பு இல்லாவிட்டால் காற்றை எதிர்த்துக் குறுக்கும் நெடுக்குமாக முன்னேற முடியாது. நண்டு மாதிரி ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போக வேண்டியதுதான்.

எங்கள் படகின் அளவுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். உலகெங்கும் ஓடுகிற ‘ஜே-24’ வகைப் படகு மொத்தம் ஏறக்குறைய 1,400 கிலோ. அதில் கீல் மட்டும் சுமார் 430 கிலோ. அதாவது படகுக்கு அடியில் ஆறு ஆட்கள் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. படகு முழுசாக ஒருக்களித்துப் படுத்துவிட்டது. கீலின் எடை மையம் மூட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. போல்ட்டிலிருந்து கீலின் ஓரம் வரை 7 சென்டிமீட்டர். நெம்புகோல் விதிப்படி 430-ஐ 50-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் 3 டன்னுக்கு மேல் வருகிறது. 430 கிலோ ஈயத்தைத் தாங்க, போல்ட்டுகள் எல்லாம் சேர்ந்து 3 டன் இழுவையைத் தாங்க வேண்டும்! அலை அடிக்கும் அதிர்ச்சியைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

இதிலிருந்து ஒரு விஷயத்தை மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். கீலைப் பிடித்திருப்பது போல்ட். நடுவில் இருக்கும் பசையின் முதல் கடமை, தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது. வேலைக்காரன் யார், காவல்காரன் யார் என்பதை மறந்துவிடக் கூடாது.

நான் செய்த தவறு

மும்பைத் துறைமுகத்தில் பாய்மரப் படகுக் காலம் அக்டோபரில் தொடங்கி மே மாதத்தோடு முடியும். மழைக்கு முன் படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள். முதல் வருஷம் அப்படி ஏற்றியபோது, கீல் படகோடு சேரும் இடத்தில் முன்பக்கமாக ஒரு மயிரிழை விரிசல் தெரிந்தது. புன்சிரிப்பு மாதிரி வளைந்த கோடு. அதன் ஓரத்தில் பழுப்பாகத் துருக் கசிவு.

பட்டறைக்காரர், "இது எல்லாப் படகுக்கும் வரும் சார். சுரண்டி, பசை வைத்துப் பூசிவிடலாம்" என்றார். எனக்கும் செலவு பெரிசாகத் தெரிந்தது. 35 வருஷம் போல்ட்டும் கேஸ்கெட்டுமாகப் பிழைத்த நான், "சரி, பூசுங்கள்" என்றேன். அக்டோபரில் படகு இறங்கியது. அந்தப் பருவம் முழுவதும் என் மகளும் அவள் தோழிகளும் ஞாயிறு தவறாமல் கடலில்.

அடுத்த மே மாதம் படகின் அடித்தொட்டியில் தண்ணீர் நின்றது. மேலே இருந்து வந்த நல்ல தண்ணீரா என்று விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. பட்டறையில் இருந்த வயதான கோலி மிஸ்திரி ஒருவர் கிரேன்காரரைக் கூப்பிட்டு, படகைப் பட்டையில் தொங்கவிட்டு, கீல் தரையில் படாதபடி தூக்கச் சொன்னார். அந்த மயிரிழை, ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு வாயைத் திறந்தது. இறக்கினால் மூடிக்கொண்டது. மிஸ்திரி என்னைப் பார்த்து, "அந்தர் தேக்னா படேகா, ஸாப்" என்றார். உள்ளே பார்க்கத்தான் வேண்டும்.

நீங்களும் எப்போதாவது படகு வாங்கப் போனால் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். தரையில் கீல் ஊன்றி நிற்கும்போது எடை மூட்டை அழுத்தி மூடிவிடும், கோளாறு தெரியாது. தொங்கவிட்டால்தான் உண்மை தெரியும்.

எவர்சில்வரும் துருப்பிடிக்கும்

போல்ட் எவர்சில்வர்தானே, அதற்கு என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். எவர்சில்வரைக் காப்பாற்றுவது அதில் கலந்த குரோமியம். அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெல்லிய படலமாகப் படிகிறது. கீறல் விழுந்தாலும் ஆக்ஸிஜன் கிடைத்தால் படலம் மறுபடி தானே உண்டாகும்.

மூட்டுக்குள் புகுந்து தேங்கிய உப்புத் தண்ணீரில் ஆக்ஸிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். படலம் அழிந்தால் திரும்ப வர வழியில்லை. உப்பிலுள்ள குளோரைடு அந்த இடத்தைக் குடைய ஆரம்பிக்கும். மேலே நட்டு பளபளவென்று இருக்கும். இரண்டு அங்குலம் கீழே போல்ட் இடை சிறுத்துப் போயிருக்கும். இதில் ஒரு கொடுமை உண்டு. விரிசலை வெளியில் மட்டும் பூசி அடைத்தால், உள்ளே மாட்டிக்கொண்ட உப்பு நீரை நாமே காற்றுப் புகாமல் பூட்டி வைத்தவர்கள் ஆகிறோம். அரிப்புக்கு அது ரொம்ப வசதி. முதல் வருஷம் நான் பணம் கொடுத்துச் செய்த காரியம் அதுதான்.

கழற்றுவது

முதலில் பாய்மரத்தை இறக்கிவிட வேண்டும். பிறகு படகின் உடலைத் தனியாகவும் கீலைத் தனியாகவும் தாங்க வேண்டும். கீலுக்கு மரத்தில் தொட்டில் செய்து இருபுறமும் முட்டுக் கொடுத்தோம். ஈயத்துண்டு மெலிந்த பொருள். முட்டு இல்லாவிட்டால் பக்கவாட்டில் சாயும். கால் மேல் விழுந்தால் கால் மிஞ்சாது.

நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை நாலைந்து நாள் விட்டு ஊற வைத்தோம். பிறகு நட்டுகளைத் தளர்த்தினோம், முழுசாகக் கழற்றவில்லை. நாலு சுற்று மரை மிச்சம் இருக்கட்டும் என்று மிஸ்திரி சொன்னார். பசை திடீரென்று விட்டால் கீல் தடாலென்று இறங்காமல் நட்டு பிடித்துக்கொள்ளும்.

வெளியே மூட்டைச் சுற்றிலும் பழைய பசையை நீளக் கத்தியால் அறுத்தோம். கத்தி போகாத இடத்தில் மெல்லிய எஃகுக் கம்பியை இரண்டு பேர் பிடித்து ரம்பம் மாதிரி இழுத்தோம். கிரேன் உடலை லேசாகத் தூக்க, மரஆப்புகளை அங்கங்கே மெல்லத் தட்டினோம். கடப்பாரை போட்டு நெம்பினால் ஃபைபர் கண்ணாடி அடுக்குகள் பிரிந்துவிடும். ஒரு நாள் முழுக்க அசையவே இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு முனகல் சத்தத்தோடு விட்டது.

மொத்தம் ஐந்து போல்ட். ஒவ்வொன்றும் 20 மில்லிமீட்டர். கம்பித் தூரிகையால் தேய்த்து வெர்னியர் வைத்து அளந்தேன். மூன்று பரவாயில்லை. முன்பக்கத்து இரண்டும் மூட்டு இருந்த இடத்தில் 12 மில்லிமீட்டர். கனம்தானே கொஞ்சம் குறைந்தது என்று நினைக்காதீர்கள். போல்ட்டின் பலம் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. 12-ஐயும் 20-ஐயும் வர்க்கப்படுத்தி வகுத்தால் மிச்சம் இருந்த பலம் 36 சதவீதம். அதிலும் குழிகள்.

என் மகள் பக்கத்தில்தான் நின்றாள். "அப்பா, போன சீசன் முழுக்க இதோடதான் போனோமா?" என்றாள். "ஆமாம்மா" என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

நடந்த விபரீதங்கள்

நான் மிகைப்படுத்துவதாக யாரும் நினைக்க வேண்டாம். 2014 மே மாதம் ‘சீக்கி ராஃபிக்கி’ என்ற 40 அடிப் படகு ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில், அட்லாண்டிக்கின் நடுவில் கீலை இழந்து கவிழ்ந்தது. அதில் இருந்த நால்வரும் திரும்பவில்லை. கவிழ்ந்த உடலை அமெரிக்கக் கடற்படைக் கப்பல் கண்டுபிடித்தபோது, உயிர்காக்கும் மிதவை எடுக்கப்படாமல் படகுக்குள்ளேயே இருந்தது. எடுக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2015-இல் அறிக்கை வெளியிட்டது. முன்பு தரை தட்டியதும் அதன்பின் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து, கீல் பொருந்தும் இடத்தைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்றது அது.

1985-இல் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் ‘டிரம்’ என்ற படகும், 2011-இல் அதே பந்தயத்தில் ‘ராம்ப்ளர் 100’ என்ற படகும் கீலை இழந்து கவிழ்ந்தன. இரண்டிலும் எல்லோரும் பிழைத்தார்கள். கரை பக்கத்தில் இருந்தது. கீல் போய்விட்டால் படகு ஓட்டையான படகைப் போல நிதானமாக மூழ்காது. தலைகீழாகப் புரண்டுவிடும்.

திரும்பப் பொருத்துவது

ஈயக் கீலில் போல்ட்டை வார்க்கும்போதே வளைத்துப் பதித்துவிடுவார்கள். திருகி எடுக்க முடியாது. எனவே பழைய போல்ட்டுகளை ஈயத்தோடு சமமாக அறுத்துவிட்டு, பக்கத்தில் புதுத் துளை போட்டோம். துளையின் அடிமுனை வரும் இடத்தில் கீலின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, அதன் வழியாகக் கனமான நட்டை உள்ளே வைத்து, மேலிருந்து 316 ரக எவர்சில்வர் போல்ட்டை இறக்கி முடுக்கினோம். பிறகு ஜன்னலை அடைத்தோம். சரியாக இருந்த மூன்றையும் மாற்றினோம். ஐந்துக்கும் ஒரே வயசுதானே! ஈயத் தூள் நஞ்சு. முகமூடி கட்டாயம், கை கழுவாமல் டீ கூடக் குடிக்கக் கூடாது, குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது.

அடுத்தது இரண்டு முகங்களையும் சுத்தம் செய்வது. நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, நன்றாகக் காய வைத்து, சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால் அடுக்கு பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே வெட்டி எடுத்துப் புதிதாக அடுக்க வேண்டும். ஈயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கியதும் தாமதிக்காமல் எப்பாக்ஸி பூச வேண்டும். காற்றுப் பட்டால் சீக்கிரமே மங்கிவிடும். அந்த மங்கல் மேல் பசை சரியாக ஒட்டாது.

இரண்டு முகமும் ஒன்றோடொன்று முழுமையாகப் படிய வேண்டும். இதற்கு ஓர் அழகான உபாயம் இருக்கிறது. கீலின் தலையில் பிளாஸ்டிக் தாள் விரித்து, படகின் அடியில் கெட்டியான எப்பாக்ஸி மாவைத் தடவி, மெல்ல இறக்கி இறுக விட வேண்டும். பிறகு தூக்கினால், கீலின் மேடு பள்ளமெல்லாம் அச்சு எடுத்த மாதிரி மேலே பதிந்திருக்கும். பல் டாக்டர் அச்சு எடுப்பது போலத்தான்.

மழைக்காலத்தில் இந்த வேலை செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எப்பாக்ஸிக்கு ஈரம் பகை. இறுகும்போது ஈரக்காற்றுப் பட்டால் மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்புப் படியும். அதைத் தண்ணீரில் கழுவித் தேய்க்காமல் அடுத்த பூச்சுப் பூசினால் உரிந்துவிடும். மூட்டுக்கு வைக்கும் பாலியூரிதேன் பசையோ நேர் எதிர். காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகுகிறது. மும்பை ஜூலை அதற்குக் குறை வைக்காது.

பசையை முகம் முழுவதும் தாராளமாகத் தடவி, ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வளையமாக வைத்து, உடலை மெதுவாக இறக்கினோம். நாலு பக்கமும் பசை பிதுங்கி வர வேண்டும். எங்கே பிதுங்கவில்லையோ அங்கே காற்று இருக்கிறது, நாளைக்குத் தண்ணீர் இருக்கும். பெரிய தடித்த வாஷர் போட்டு, நடுவிலிருந்து ஆரம்பித்து முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி ஓரளவு முடுக்கினோம். ஒரு வாரம் கழித்து, பசை இறுகியபின், டார்க் ஸ்பானரால் கடைசி முடுக்கு. எவ்வளவு என்பதைப் படகு செய்தவரின் கையேட்டிலும் போல்ட்டின் அளவிலும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். மரையில் எண்ணெய் இருந்தால் அதே டார்க்கில் இழுவை கூடிவிடும் என்பதால், எண்ணெய் போட்டோமா இல்லையா என்பதையும் எழுதி வைத்தேன்.

பசை வாங்கும்போது கடைக்காரர் உலகிலேயே பலமானது என்று ஒன்றைக் காட்டினார். மிஸ்திரி தலையாட்டிவிட்டார். என்றைக்காவது யாராவது இதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிரிக்கவே முடியாதபடி ஒட்டினால் அவன் பார்க்காமலே விட்டுவிடுவான் என்றார். நான் படித்த பொறியியலில் இதை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

பெற்றோர்கள் கேட்க வேண்டியவை

2024 அக்டோபரில் கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்ற 56 அடிப் பாய்மரப் படகில் நம் கடற்படைப் பெண் அதிகாரிகள் இருவர் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. இன்னொருவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. நம் பிள்ளைகளும் கடலுக்குப் போகட்டும் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் கீல் போட்ட படகில் ஏறுவதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள்:

1. இந்தப் படகு எப்போதாவது பாறையில் தட்டியிருக்கிறதா? தட்டிய பிறகு உள்ளே பார்த்தது யார்?
2. கீல் போல்ட்டுகளைக் கடைசியாக முடுக்கிச் சோதித்தது எப்போது? குறிப்பு இருக்கிறதா?
3. அடித்தொட்டியில் தண்ணீர் நிற்கிறதா? உப்பா, நல்ல தண்ணீரா?
4. கரையேற்றும்போது கீலைத் தொங்கவிட்டு மூட்டைப் பார்க்கிறார்களா?

பதில் சொல்லத் தயங்கினால், அன்றைக்குப் பிள்ளையைக் கரையிலேயே நிறுத்திவிடுங்கள். கோபப்பட்டால் படட்டும்.

எங்கள் படகு அக்டோபரில் மறுபடி இறங்கியது. முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் நட்டுகளைச் சோதித்தோம். ஒன்று மட்டும் கால் சுற்றுப் பிடித்தது, மற்றவை அசையவில்லை. அடித்தொட்டியைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணி காய்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் மகளோடு நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனேன்.

சொஸைட்டி மாடி விஷயத்தில் இப்போது நான் கொத்தி எடுக்கச் சொல்கிற கட்சி. எங்கள் கட்சிக்கு இன்னும் பெரும்பான்மை கிடைக்கவில்லை.